எண்ணெய்க்குள் புகும் காற்று

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் சூளையிலிருந்து இறங்கும் ஊரில் பந்தயக் கார் என்ஜினின் எண்ணெயைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணலாம். மிகவும் பொருத்தம் என்றே நான் கருதுகிறேன். இங்கே மண்ணில் கை வைக்கும் எவருக்கும் காற்று எவ்வளவு பொல்லாதது என்று தெரியும். பிசைந்த மண்ணில் குமிழி தங்கினால் பண்டம் உலரும்போது விரிசல் விடும், அல்லது சூளையில் வாய் பிளக்கும். மண்குழம்பை அச்சில் ஊற்றும்போது காற்று சேர்ந்தால் மெருகில் ஊசித்துளை விழும். அதனால்தான் மண்ணை வெற்றிடத்தில் இழுத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பக் மில் வந்தது. வேகமாக ஓடும் கார் என்ஜினுக்குள் நடப்பதும் இதே போராட்டம்தான். அங்கே மண்ணின் இடத்தில் எண்ணெய். பந்தய என்ஜின்கள் பேரிங் அடித்துச் சாகும்போது எண்ணெய் குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். எண்ணெய் அங்கேயே இருந்திருக்கும். பம்ப்பின் வாயில் அந்த நொடியில் இருந்தது காற்று. எண்ணெயின் அளவையோ தரத்தையோ கூட்டுவதை விட, எண்ணெயையும் காற்றையும் பிரித்து வைக்கும் தகட்டு வேலைதான் என்ஜினைக் காக்கிறது என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து.

முதலில், எண்ணெய் அங்கே என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். 1883-ல் இங்கிலாந்தில் போசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேல்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது, ஊற்ற வைத்திருந்த துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டை வைத்து அடைத்தார். கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், பேரிங் தாங்கிய சராசரிப் பாரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயை ஆப்பு போல ஒடுங்கிய இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, தானே அழுத்தத்தை உண்டாக்கி, அதன் மேல் மிதக்கிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. என்ஜினின் சுழலும் அச்சான கிராங்க்கைத் தாங்குவது ஆயில் பம்ப்பின் அழுத்தம் இல்லை. பம்ப் நான்கைந்து பார் அழுத்தத்தில் எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலியாள் மட்டுமே. பாரத்தைச் சுமப்பது சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். பிஸ்டன் மேல் வெடிப்பு விழும்போது அந்தப் படலத்துக்குள் எழும் அழுத்தம் பம்ப்பினுடையதைப் போலப் பல மடங்கு. எண்ணெயை நசுக்க முடியாது, அதனால் அது தாங்கும். குமிழி நசுங்கும், அதனால் தாங்காது. 7000 சுற்றில் ஓடும் என்ஜின் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 117 முறை சுற்றுகிறது. ஒரே ஒரு நொடி பம்ப் காற்றைக் குடித்தால் அத்தனை சுற்றும் கனெக்டிங் ராட் பேரிங் நுரையின் மேல் ஓடுகிறது.

காற்று நுழையும் முதல் வழி வளைவு. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த 2.1 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. அந்தக் கரிவரதன்தான் மாருதி 800-ன் 796 சிசி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கியவர். பின்னால் வந்த ஃபார்முலா எல்ஜிபி கார்களில் மாருதி சுசுகியின் 1.3 லிட்டர் என்ஜின். கவனியுங்கள், இவை எல்லாம் கடைவீதிக்கும் காய்கறிக்கும் போய்வரும் குடும்பக் காருக்காகப் பிறந்த என்ஜின்கள். தமிழ்நாட்டுப் பந்தயக் கலையின் பெருமையே அந்த என்ஜின்களைப் பந்தயத்துக்குப் பழக்கியதுதான். ஆனால் குடும்பக் கார் வளைவில் திரும்பும்போது படும் பக்க விசை சிறிது. பந்தய டயர் போட்ட இலகுவான கார், புவியீர்ப்புக்குச் சமமான பக்க விசையை, அதாவது ஒரு ஜியை, எளிதில் தொடும். அந்த நிலையில் எண்ணெயின் மேற்பரப்பு கிடைமட்டத்திலிருந்து 45 பாகை சாய்ந்து நிற்கும். நீளமான வளைவில் அது இரண்டு மூன்று நொடி அப்படியே நிற்கும்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நம் மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்று சொல்லும் அடித்தொட்டியின் அகலம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது எண்ணெயில் கணிசமான பங்கு மேலே டேப்பட் பக்கத்திலும் சுவர்களிலும் வழிந்துகொண்டிருக்கும். தொட்டியில் 3 சென்டிமீட்டர் ஆழமே மிச்சம் என்று கொள்வோம். ஒரு ஜியில் அந்த எண்ணெய் முழுதும் வெளிப்பக்கச் சுவரோரம் முக்கோணமாக ஒதுங்கும். அந்த முக்கோணத்தின் அகலம் 13 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பம்ப்பின் உறிஞ்சுகுழாயோ நட்டநடுவில், 15-ஆவது சென்டிமீட்டரில் இருக்கிறது. எண்ணெய் அதன் கண்ணெதிரே இருக்கும், வாய்க்கு எட்டாது. இப்போது அதே தொட்டியில், அதே எண்ணெயில், உறிஞ்சுகுழாயைச் சுற்றி 10 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தகட்டால் ஒரு பெட்டி கட்டுங்கள். பெட்டிக்குள்ளும் எண்ணெய் சாயும். ஆனால் அது போய் ஒதுங்க இடம் இல்லாததால் நடுவில் இன்னும் இரண்டே முக்கால் சென்டிமீட்டர் ஆழம் நிற்கும். குழாயின் வாய் மூழ்கியே இருக்கும். பெட்டியின் சுவரில் உள்பக்கமாக மட்டும் திறக்கும் கீல் கதவுகளை வைத்தால், வெளியே அலையும் எண்ணெய் உள்ளே வரும், வந்தது வெளியேறாது. ஒரு சொட்டு எண்ணெய் கூட்டவில்லை, பம்ப்பை மாற்றவில்லை. தகரமும் வெல்டிங்கும் செய்த வேலை இது.

சாய்வுதான் காரணம் என்பதற்கு இன்னொரு சான்று மோட்டார் சைக்கிள். வளைவில் பைக்கும் அதே பக்க விசையைத்தான் சந்திக்கிறது. ஆனால் பைக் சாய்கிறது. அதோடு என்ஜினும் சாய்கிறது. விசைகளின் கூட்டுத்திசை என்ஜினின் நேர்கீழாகவே விழுவதால், சேம்பருக்குள் எண்ணெய் வளைவே இல்லாததுபோல் சமமாக நிற்கும். அந்த என்ஜினைக் கழற்றி நான்கு சக்கர வண்டியில் வைத்தால் கதை மாறுகிறது. செட்டிபாளையம் தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாட்டின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் கட்டிக் கொண்டுவருகிறார்கள். அவர்களில் பலர் வைப்பது 373 சிசி கேடிஎம் பைக் என்ஜின். கார் சாயாது, எண்ணெய் சாயும். பைக்கில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய அதே ரக என்ஜின் காரில் எண்ணெய்ப் பட்டினிக்கு ஆளாவது இதனால்தான். உலகெங்கும் இந்த வகைப் போட்டிக் கார்களில் பைக் என்ஜினுக்குத் தனிச் சேம்பர் செய்து பூட்டுவது வழக்கமாகிப் போனதும் இதனால்தான். எண்ணெயின் பிராண்டு மாறவில்லை, பம்ப் மாறவில்லை, உலோகம் மாறவில்லை; மாறியது புவியீர்ப்போடு அந்தத் தொட்டிக்கு இருந்த உறவு ஒன்றுதான்.

இரண்டாவது வழி கிராங்க்கே. கிராங்க்கின் எடைக்கட்டை மையத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், 7000 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. பேரிங்குகளிலிருந்து பிதுங்கி வழியும் எண்ணெயும், மேலிருந்து இறங்கும் எண்ணெயும் அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு கயிறு திரித்ததுபோல் கிராங்க்கைச் சுற்றிக்கொள்கின்றன. அதோடு இறங்கும் பிஸ்டன்கள் தங்களுக்குக் கீழே உள்ள காற்றைப் பக்கத்து அறைக்குத் தள்ளுகின்றன; ஏறும் பிஸ்டன்கள் அதை இழுக்கின்றன. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் இந்த மூச்சு, தொட்டியின் மேற்பரப்பைச் சிலுப்பி நுரையாக்குகிறது. கிராங்க்குக்கும் தொட்டிக்கும் நடுவே துளையிட்ட தகடோ கம்பி வலையோ போடுவதும், கிராங்க்கை ஒட்டினாற்போல் ஒரு வழித்தகடு வைத்து எண்ணெயை வழித்தெடுப்பதும் இதற்காக. சுமையற்ற கிராங்க் கொஞ்சம் குதிரைத்திறனையும் திருப்பித் தரும். பலர் அந்தக் குதிரைத்திறனுக்காகவே இந்தத் தகட்டைப் போடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். தகட்டின் உண்மையான பயன் எண்ணெய்க்கு அது தேடித் தரும் ஓய்வு.

ஓய்வு என்று ஏன் சொல்கிறேன்? களிமண் துகள்கள் நீரில் எவ்வளவு நேரத்தில் படிகின்றன என்று ஆண்ட்ரியாசன் பிப்பெட் வைத்து நீங்கள் அளப்பீர்கள். அதற்கு அடிப்படையான ஸ்டோக்ஸ் விதி 1851-ல் வந்தது. துகள் கீழே இறங்குவதற்கு உள்ள விதியே குமிழி மேலே ஏறுவதற்கும். சூடான என்ஜின் எண்ணெயில் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி ஒரு நொடிக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் ஏறும். என்ஜினில் மூன்றரை லிட்டர் எண்ணெய் இருந்து, பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளுகிறது என்றால், மொத்த எண்ணெயும் ஐந்து நொடிக்கு ஒருமுறை சுற்றி வந்துவிடும். அந்த ஐந்து நொடியும் தொட்டியில் சும்மா கிடந்தால்கூடக் குமிழி இரண்டரை மில்லிமீட்டர் ஏறியிருக்கும். மேற்பரப்பு அதற்கு எட்டாத தூரம். எண்ணெயில் கரைந்திருக்கும் காற்று வேறு. அது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. குமிழியாக நிற்கும் காற்றுதான் பகை. ஒருமுறை பொடிக் குமிழியாக உடைந்து கலந்துவிட்டால் அதை வெளியே எடுப்பது கடினம். கலக்காமல் தடுப்பதே வழி.

இந்த இடத்தில் எழும் மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அரை லிட்டர் எண்ணெய் கூடுதலாக ஊற்றினால் போதாதா என்பது பட்டறைகளில் முதலில் வரும் கேள்வி. அதில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்சொன்ன 30 சென்டிமீட்டர் தொட்டியில் ஆழத்தை 5 சென்டிமீட்டராக்கினால், ஒதுங்கிய எண்ணெயின் அகலம் 17 சென்டிமீட்டரைத் தாண்டும்; நடுக்குழாய் நனையும். ஆனால் 45 பாகைச் சாய்வில் அகலம் எவ்வளவோ உயரமும் அவ்வளவு. சுவரில் 17 சென்டிமீட்டர் ஏறிய எண்ணெய் பல என்ஜின்களில் சுழலும் கிராங்க்கைத் தொட்டுவிடும். அடுத்த கணம் அது நுரை. முதல் வாசலை அடைத்துவிட்டு இரண்டாவது வாசலைத் திறந்துவிடுகிறோம். ஆக, கூடுதல் எண்ணெய் ஓரிரு சுற்றுக்குக் கைகொடுக்கும் முட்டு, தீர்வாகாது.

கெட்டியான எண்ணெய் போடலாமே என்பது அடுத்தது. சூட்டில் இளகாத எண்ணெய் படலத்தைத் தடிமனாக்கும் என்பது உண்மை. பேரிங் இடைவெளி கூடுதலாக வைத்த என்ஜினுக்கு அது தேவையும்கூட. ஆனால் ஸ்டோக்ஸ் விதியின்படி எண்ணெயின் பிசுக்கு இரட்டித்தால் குமிழி ஏறும் வேகம் பாதியாகும். மேலே போன எண்ணெய் கீழே வடியவும் கூடுதல் நேரம் பிடிக்கும். காற்றுதான் நோய் என்றால் இந்த மருந்து நோயை நீட்டிக்கிறது. பெரிய பம்ப் போட்டால்? பம்ப் பாரத்தைச் சுமக்கவில்லை என்பதை டவரின் சோதனையிலேயே பார்த்தோம். பெரிய பம்ப் தொட்டியை இன்னும் சீக்கிரம் காலி செய்து எண்ணெயை மேலே ஏற்றிவிடும். குழாயைச் சுற்றி மிஞ்சும் ஆழம் இன்னும் குறையும். தேவைக்கு மேற்பட்டதை வால்வு திருப்பி விடும். அதைக் கடைந்து சூடாக்கியதுதான் மிச்சம். பக் மில்லில் வெற்றிடம் பிடிக்காதபோது திருகைப் பெரிதாக்கி என்ன பயன்?

வலுவான மறுப்பு வேறொன்று. இத்தனை ஒட்டுவேலை எதற்கு, டிரை சம்ப் வைத்தால் எல்லாம் தீர்ந்ததே என்பார்கள். உண்மையில் அது அழகான ஏற்பாடு. சேம்பரில் எண்ணெயைத் தங்கவே விடாமல் தனிப் பம்ப்புகள் காற்றும் நுரையுமாக வாரி இழுத்து வெளித்தொட்டிக்கு அனுப்புகின்றன. உயரமான அந்தத் தொட்டியில் எண்ணெய் சுவரைத் தழுவிச் சுழன்று இறங்கும்போது காற்று நடுவே பிரிந்து மேலே போகிறது. அடியிலிருந்து தெளிந்த எண்ணெய் என்ஜினுக்குத் திரும்புகிறது. வாரும் பம்ப்புகள் எண்ணெயோடு நிறையக் காற்றையும் இழுக்க வேண்டியிருப்பதால் அவற்றின் கொள்ளளவு அழுத்தப் பம்ப்பினுடையதை விட அதிகமாக வைக்கப்படுகிறது. போர்ஷே 911 பிறந்த 1964-லிருந்தே இந்த முறையோடு வந்தது. ஆனால் இது என் வாதத்துக்கு மறுப்பா, சான்றா? டிரை சம்ப்பின் சிறப்பு முழுதும் காற்றைப் பிரிப்பதில்தான் இருக்கிறது. வெளித்தொட்டியின் வடிவம் தவறினால் விலையுயர்ந்த பம்ப்புகளும் நுரையையே திருப்பி அனுப்பும். பெயரில் மந்திரம் இல்லை என்பதற்கு நம் வீட்டுச் சான்றே உண்டு. 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு என்ஜினும் ஒரு வகையில் டிரை சம்ப்தான்; எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸின் வார்ப்பிலேயே அமைந்திருக்கும், ஏற்றும் பம்ப் ஒன்று, திருப்பும் பம்ப் ஒன்று. நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுவதும், உதைத்துக் கிளப்பியதும் புரீதர் என்ற மூச்சுக்குழாய் வழியே எண்ணெயைத் துப்புவதும் பழைய புல்லட் மெக்கானிக்குகள் நன்கறிந்த நோய். முறை எதுவானாலும் எண்ணெய் எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. மேலும், ஒரே வகைக் கார்கள் ஓடும் பிரிவுகளில் விதிகள் பல மாற்றங்களை அனுமதிப்பதில்லை. சிறு அணிகளின் பணப்பையும் அனுமதிப்பதில்லை. ஒரு ஜி அளவில் ஓடும் நான்கு சிலிண்டர் காருக்கு ஒழுங்காகக் கட்டிய தடுப்புப் பெட்டியும் மேல்தகடும் போதும் என்பது என் முடிவு. அதற்கு மேல் போகும் கார்களுக்கு டிரை சம்ப் ஆடம்பரம் இல்லை. அங்கே அது வேண்டும்.

இனி எண்ணெய் காற்றுக்குள் புகும் பக்கம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியும். அது வெளியேறும்போது எண்ணெய்த் திவலைகளைச் சுமந்து செல்லும். சாலைக் காரில் அந்த வாயுவை வெளியேற்றும் குழாய் மாசு வெளியே போகாமலிருக்க இன்டேக்குக்கே திரும்புகிறது. அது நல்ல ஏற்பாடுதான். பந்தயத்தில் அப்படி விட்டால் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். எண்ணெயின் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் எளிதில் தானே தீப்பற்றுபவை. என்ஜின் தட்டத் தொடங்கும். எண்ணெய் தடத்தில் சிந்தினால் பின்னால் வருபவரின் உயிருக்கு ஆபத்து. எனவேதான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள் 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டரும் அதற்கு மேல் 3 லிட்டரும் கொள்ளும் சேகரிப்புக் குப்பியைக் கேட்கின்றன. குப்பி வைத்தால் மட்டும் போதாது. குழாயின் விட்டத்தை இரட்டித்தால் வாயுவின் வேகம் கால்பங்காகும். மெல்லப் போகும் வாயுதான் திவலைகளை உதிர்க்கும். குப்பிக்குள் கம்பி வலை வைத்தால் நுண்திவலைகள் அதில் ஒட்டித் திரண்டு சொட்டும். குப்பி ஒவ்வொரு முறையும் நிரம்பி வந்தால், குப்பியைப் பெரிதாக்காதீர்கள், ரிங்கைப் பாருங்கள்.

எண்ணெய் எல்லை தாண்டும் இந்தத் தோல்விக்குச் சாட்சி சொல்வது உங்கள் பொருளான பீங்கான். 1902-ல் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவோடு சேர்த்து ஸ்பார்க் பிளக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதன் மின்முனையைச் சுற்றி நிற்பது பீங்கான். இன்று அது பெரும்பகுதி அலுமினா. பிளக்கின் வெண்மூக்கு சுத்தமாக, இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கறுத்து, எண்ணெய் ஈரத்தோடு பிசுபிசுத்தால் எண்ணெய் எல்லை தாண்டியிருக்கிறது. அந்தக் கரிப்படலம் மின்சாரத்தைக் கடத்தும்; பொறி பாயாமல் மின்சாரம் பீங்கான் மேலாகவே நழுவிப் போகும். நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த சிலிண்டரில் கோளாறு என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிடலாம்.

கல்லூரி அணிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளில் காரை 60 பாகை சாய்த்து எதுவும் ஒழுகவில்லையா என்று சோதிக்கிறார்கள். அந்தச் சோதனை எண்ணெய் வெளியே வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. பம்ப்பின் வாய்க்கு எண்ணெய் எட்டுகிறதா என்று பார்ப்பதில்லை. அதை நீங்களே செய்யலாம். சேம்பரின் வடிவத்தில் அக்ரிலிக் தகட்டால் ஒரு தொட்டி செய்யுங்கள். உறிஞ்சுகுழாயை உரிய இடத்தில் நிறுத்துங்கள். ஓடும்போது மிஞ்சும் அளவுக்கு எண்ணெய் ஊற்றி, இடம், வலம், முன், பின் என நான்கு பக்கமும் 45 பாகை சாய்த்துப் பாருங்கள். குழாயின் வாய் எந்தப் பக்கத்தில் வெளியே தெரிகிறதோ அந்தப் பக்கத்தில் தடுப்பு வையுங்கள். என்ஜினை முதன்முதலாகக் கிளப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.